32 வருஷத்தில் 58 மணி நேரம்

ஜெர்ரி ராஸ் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துக்காரர், 1980இல் நாசாவில் விண்வெளி வீரராகத் தேர்வானவர், ஏழு முறை விண்ணுக்குப் போன முதல் மனிதர். விண்கலத்துக்கு வெளியே ஒன்பது முறை இறங்கி வேலை பார்த்திருக்கிறார். ஒன்பதையும் கூட்டினால் 58 மணி நேரமும் சில நிமிடங்களும் வரும். ஓய்வு பெற்றது 2012இல். கீழக்கரையில் சங்கு குளிக்கிற படகில், கீழே இருக்கிறவனுக்குக் கம்ப்ரசரிலிருந்து காற்று போகிற ட்யூபைப் பிடிக்கிற ஆளாகச் சேர்ந்து, இப்போது மண்டபம் பக்கம் தீவுகளை ஒட்டிப் பவளப்பாறை நடுகிற வேலைக்கு ஆட்களை இறக்கி ஏற்றுகிற எனக்கு, 32 வருஷத்தில் 58 மணி நேரம் என்கிற அந்தக் கணக்குதான் அவரிடம் முதலில் கண்ணில் பட்டது.

வெளியே போனவர்களுக்குக் காலால் ஆகிற வேலை கொஞ்சம்தான், எல்லாம் கைதான். உடைக்குள் காற்றழுத்தம் இருப்பதால் கையுறை விறைத்து நிற்கும், ஒவ்வொரு முறை விரலை மடக்கும்போதும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும், நகம் பெயர்ந்து போனவர்கள்கூட உண்டு. இதையெல்லாம் அவர்கள் பழகுவது தண்ணீருக்குள். ஹூஸ்டனில் இப்போது இருக்கிற குளம் 40 அடி ஆழம், அதற்குள் விண்வெளி நிலையத்தின் பாகங்களை முழு அளவில் செய்து மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள். உடை மிதக்கவும் கூடாது, அமிழவும் கூடாது என்பதற்காக எடையைக் கூட்டிக் குறைத்து, பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருக்கிற குளியாட்கள் பார்த்துக்கொள்வார்கள். வெளியே ஒரு மணி நேர வேலைக்கு இங்கே பல மணி நேரம் ஊற வேண்டும்.

கம்ப்ரசர் வைத்துக் குளிக்கிற எங்கள் ஆட்களுக்கு மூட்டு வலியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழத்திலிருந்து அவசரமாக ஏறினால் உடம்பில் கரைந்திருக்கிற நைட்ரஜன் குமிழாகி மூட்டில் உட்கார்ந்துகொள்ளும், சிலருக்கு நடையே போய்விடும். விண்வெளி உடைக்குள் இருக்கிற அழுத்தம் தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த உடையோடு வெளியே போவதும் ஆழத்திலிருந்து மேலே வருவதும் உடம்புக்கு ஒன்றுதான். அதனால் சுத்தமான ஆக்சிஜனை நெடுநேரம் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்றிவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். அந்தப் பொறுமைக்கு அங்கே நேரம் ஒதுக்குகிறார்கள். எங்கள் கரையில் அன்றைய டீசல் காசுக்கே சங்கு எடுத்தாக வேண்டும் என்று ஓடுகிறோம், என் கூட்டாளிகள் சிலர் நாற்பது வயதிலேயே கம்பு ஊன்றி நடப்பதற்கு அதுதான் காரணம். எனக்கு இதில் கோபம் உண்டு.

சரி, ராஸ் விஷயத்துக்கு வருகிறேன். 1985 நவம்பர் கடைசியில் அட்லாண்டிஸ் விண்கலத்தில் போனார். ஷெர்வுட் ஸ்பிரிங்கோடு இரண்டு தடவை வெளியே இறங்கி, தண்டுகளைக் கோத்து ஒரு கோபுரச் சட்டத்தைக் கட்டிப் பிரித்தார்கள். பின்னாளில் விண்வெளி நிலையத்தை மனிதக் கையால் கட்ட முடியுமா என்பதற்கு அது சோதனை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் வெடித்து ஏழு பேர் இறந்துபோனார்கள். விண்கலங்கள் இரண்டரை வருஷத்துக்கு மேல் தரையில் நின்றன. பறக்க ஆரம்பித்த பிறகும் 1991 ஏப்ரல் வரை எந்த அமெரிக்கரும் வெளியே இறங்கவில்லை. அந்த இடைவெளிக்கு முன்னால் கடைசியாக இறங்கியவர்களில் ஒருவர் ராஸ், அதற்கப்புறம் முதலில் இறங்கியதும் அவரும் ஜே ஆப்டும்தான்.

அதுவும் திட்டத்தில் இல்லாத இறக்கம். காம்ப்டன் காமாக்கதிர் ஆய்வகத்தை, சுமார் 17 டன், விண்ணில் விடப்போகிற நேரத்தில் அதன் ஆண்டெனா விரியவில்லை. கட்டளை அனுப்பிப் பார்த்தார்கள், இயந்திரக் கையால் ஆட்டிப் பார்த்தார்கள், அசையவில்லை. ராஸ் வெளியே போய்க் கையால் தள்ளினார், சிக்கல் விட்டது. அந்த ஆய்வகம் 2000 வரை வேலை செய்தது. ஐந்து வருஷமாக அமெரிக்கர் ஒருவரும் வெளியே இறங்காத நிலையில், தண்ணீருக்குள் மட்டுமே பழகிய கை முதல் நாளே அதைச் செய்திருக்கிறது.

எங்களுக்கு, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்கள்தான் அப்படி யாரும் இறங்காத இடைவெளி. தென்கடல் கலங்கி, கீழே இறங்கினால் கையே தெரியாது. கரையில் உட்கார்ந்து ட்யூபில் ஓட்டை பார்ப்பது, ஃபில்டர் மாற்றுவது, பவளத் துண்டு கட்டுவதற்கு சிமெண்ட் சட்டம் வார்ப்பது என்று போகும். கூலி குறைவு, பையன்களுக்குச் சலிப்பு.

அப்புறம் 1998இல் நிலையத்தின் முதல் இரண்டு பாகங்களுக்கும் மின்கம்பிகளை இணைத்தார், 2002இல் கடைசிப் பயணம். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அடுத்தவர்கள் பறக்கப்போகிற கலங்களையும் கருவிகளையும் ஏவுதளத்தில் சோதித்துப் பார்க்கிற அலுவலகத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். தான் இனி போகமாட்டோம் என்று தெரிந்தும், போகிறவனுக்காகத் திருகாணி வரை பார்க்கிற வேலை அது.

"காக்கா, நான் எப்ப எறங்குறது?" என்று புதுப் பையன்கள் கேட்பார்கள், காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். முதல் பருவம் முழுக்க அவர்களை ட்யூப் பிடிக்கத்தான் வைக்கிறேன், கீழே இருக்கிறவன் மூச்சு எப்படிப் போகிறது என்பதைக் குமிழைப் பார்த்தே சொல்லத் தெரிய வேண்டும். கோபித்துக்கொண்டு வேறு படகுக்குப் போனவர்களும் உண்டு. இந்த முறையை மாற்றுகிற எண்ணம் எனக்கு இல்லை, கச்சான் முடிந்து வருகிற புதுப் பையன்களையும் படகில்தான் உட்கார வைப்பேன்.