சைட்லைன் றோட்டுக் குறிப்புகள்

ஜனவரி 28, 2025

ரொறொன்ரோவுக்குக் கிழக்கே, பிக்கறிங் விமான நிலையம் வராதாம். நேற்று அறிவித்துவிட்டார்கள். 1972இல் 18,600 ஏக்கரை எடுத்து, அங்கிருந்தவர்களை எழுப்பி, அவர்கள் உழுத நிலத்தையே குத்தகைக்கு விட்டு, ஆள் போன வீடுகளையும், வைக்கலும் மாடும் வைக்கிற மரப் பார்ன்களையும் ஒவ்வொன்றாய் இடித்து, ஐம்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு இப்போது வேண்டாம் என்கிறார்கள். காணி, தேசியப் பூங்காக்களைப் பார்க்கிற பார்க்ஸ் கனடாவின் கைக்குப் போகுமாம். வேலையிடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் மிச்சமாய் நிற்கிற அந்தச் சாம்பல் பார்ன்களை என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "எயார்போட்டுக்கு எடுத்த காணியோ?" என்றார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு பேசவில்லை. ரீவியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

ஜனவரி 31

பராமரிப்பு இல்லத்தில் அப்பாவுக்குக் கேட்ட கட்டில் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

பெப்ரவரி 9

ஹைவே 7க்கு மேலே, வடக்குத் தெற்காய்ப் போகிற சைட்லைன் றோட்டில் காரை ஓரம் கட்டிவிட்டு ஒரு பார்னைப் படம் எடுத்தேன். உள்ளே போக முடியாது, அரசாங்கக் காணி, பலகை போட்டிருக்கிறது. வானம் மூடிக் கிடந்தது, எனக்கு அதுதான் வேண்டும். வெயில் அடித்தால் பலகையின் ஒரு பக்கம் வெள்ளையடித்துப் போகும், மற்றப் பக்கம் கறுத்துவிடும். மூடின வானத்தில்தான் அந்தச் சாம்பல் நிறத்துக்குள் எத்தனை நிறம் இருக்கிறதென்று தெரியும், கொஞ்சம் நீலம், கொஞ்சம் பச்சை, ஆணி அடித்த இடங்களில் கீழ்நோக்கி வழிந்த துருக்கோடு.

பெயின்ற் அடிக்காத மரம் வெயிலில் கிடந்தால் மேல் தோலில் நாரை ஒட்டிப் பிடிக்கிற லிக்னின் உடைந்துபோகும். மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விட, மிஞ்சுகிற நார்தான் சாம்பலாய்த் தெரிவது. அது மேலோட்டமானதுதான், உள்ளே மரம் நல்ல மரமாகவே இருக்கும். அதனால் "பாழடைந்த பார்ன்" என்று தலைப்புப் போட்டு, செம்மஞ்சளை ஏற்றி, வானத்தை இடி மின்னல் மாதிரி ஆக்கி விடுகிற படங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கட்டடத்துக்கு அவமரியாதை அது.

பெப்ரவரி 16

பனி. நிற்காமல் பனி. இரண்டு தரம் வழித்துத் தள்ளிவிட்டேன், கார் இன்னும் வெளியே வரவில்லை. நித்திரையும் வரவில்லை. அன்றைக்கு எடுத்த பார்னின் வடக்குப் பக்கத்துக் கூரையில் ஏற்கெனவே இரண்டு தகரம் கிளம்பியிருந்ததைப் பார்த்தேன். பார்ன் விழுவது கூரையில் தொடங்கும். ஒரு ஓட்டை போதும், தண்ணீர் உத்தரத்தின் மூட்டுக்குள் இறங்கும், மூட்டு உக்கினால் சுவர் வெளியே தள்ளும். மாடுகள் கீழே நின்ற காலத்தில் அதுகளின் சூடே அத்திவாரத்தை உறையவிடாமல் காத்தது என்று சொல்வார்கள். இப்போது கீழே ஒன்றும் இல்லை. நிலம் உறைந்து உப்பி கல்லுச் சுவரைத் தள்ளுகிறது.

அப்பா இரவு முழுக்க இருமினார்.

மார்ச் 2

உள்ளே போனேன்!

குத்தகைக்கு விதைக்கிறவர் தான் பாவிக்கிற பார்னைக் காட்ட ஒத்துக்கொண்டார். மண்ணைக் குவித்துச் சாய்வாகக் கட்டின பாதை, அதில் ஏறினால் நேரே மேல் தட்டு. வண்டியோடு உள்ளே போய் இறக்கிவிட்டுத் திரும்பலாம். நடுவில் சூடடிக்கிற தளம், இரண்டு பக்கமும் வைக்கல் அடுக்குகிற இடம், கீழ்த்தட்டு கல்லால் கட்டி மாட்டுக்கு. கதவைத் தள்ளினவுடன் பழைய வைக்கல் மணம் மூக்கில் ஏறியது. பலகை இடுக்குகளால் வெளிச்சம் கீற்றுக் கீற்றாய் வந்தது, எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள், நானும் எடுத்தேன், நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் நான் தேடிப் போனது உத்தரங்களை.

முக்காலியைப் போட்டு, கீற்றுகள் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று நிழலுக்கு அளவு வைத்தேன். தூண் ஒவ்வொன்றும் கோடாலியால் செதுக்கியது. விரலை வைத்துப் பார்த்தால் வெட்டு விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது, செதுக்கினவன் எந்தப் பக்கத்தில் நின்றான் என்றுகூடச் சொல்லலாம். மூட்டுகளில் ஆணி இல்லை. ஒரு மரத்தின் நுனியில் செதுக்கின கழுந்தை மற்ற மரத்தின் துளைக்குள் இறக்கி மரமுளை அடித்திருக்கிறார்கள். மூட்டுக்குப் பக்கத்தில் உளியால் ரோமன் இலக்கம், ஏழாம் கழுந்து ஏழாம் துளைக்கு. தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, இலக்கம் வெட்டி, கழற்றி, பிறகு ஊரே கூடித் தூக்கி நிறுத்தினது. அந்த ஏழை மட்டும் கிட்டப்போய் எடுத்தேன், தூசி படிந்த மூன்று வெட்டு, ஒரு V, இரண்டு கோடு. இந்த வருடத்தில் எடுத்ததில் இதுதான் என் படம்.

மார்ச் 3

அப்பா படங்களைப் பார்த்தார். வெளிச்சக் கீற்றை எல்லாம் தள்ளிவிட்டார். பார்னுக்குப் பின்னால் கிடந்த வைக்கல் வாருகிற வண்டியின் படத்தில் நின்றார். ஆளுயரத்துக்குக் கிட்ட இரண்டு இரும்புச் சில்லு, பின்னால் வளைந்த கம்பி வரிசை, மேலே ஒரு இருக்கை. மனிட்டோபா மேப்பிள் ஒன்று சில்லின் கம்பிகளுக்கூடாக வளர்ந்து சில்லையும் பிடித்துக்கொண்டது. தகரம் எல்லாம் உக்கிப் போயும் வார்ப்பிரும்பு இருக்கை மட்டும் தாங்கிவிட்டது. துளை போட்ட இருக்கை, அதில் மெசி-ஹாரிஸ் என்று எழுத்துப் புடைத்து நிற்கிறது. மழை பெய்து ஓய்ந்த நேரம், துரு நல்ல கரும் சிவப்பில் இருந்தது.

"உது குதிரை இழுக்கிற சாமான்" என்றார். பிறகு, கன நேரம் கழித்து, "மெசி?"

ஓம் அப்பா, அதே மெசிதான். ரொறொன்ரோ மெசியும் பிறான்ற்ஃபோர்ட் ஹாரிஸும் 1891இல் ஒன்றானார்கள், 1953இல் ஃபெர்குசனோடு சேர்ந்தார்கள், அதுக்குப் பிறகுதான் உங்கட மெசி ஃபெர்குசன் 35. பரந்தன் வயலுக்கு வாடகைக்குப் பிடித்து உழுத சிவப்பு மெஷின். அதன் வேர் இந்த இடத்தில், எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. இடது கையால் திரையைத் தொட்டு, "பிள்ளை, சில்லை முழுசா எடு. பாதியில வெட்டாத" என்றார்.

இந்த நோய்க்குப் பிறகு அவர் பேசின நீளமான வசனம்.

மார்ச் 15

போன் அடித்தது. விற்பனைக்காரன்.

மார்ச் 22

பலகை லொறியைப் பார்த்தேன். யாரோ தனியார் காணியில் பார்னைக் கழற்றி அடுக்கியிருக்கிறார்கள். பழைய பலகைக்கு இப்போது நல்ல விலை, சாப்பாட்டுக் கடைச் சுவருக்கும் மேசைக்கும் போகும். உக்கி மண்ணாகிறதை விட அது பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்த ரோமன் இலக்கங்கள்? மூட்டை அறுத்துத்தான் எடுப்பார்கள்.

நாளைக்குச் சில்லை முழுசாக எடுக்க வேண்டும். மேப்பிள் துளிர்க்க முன்.

ஏப்ரல் 11

யாழ்ப்பாணத்தில் எங்கட ஊர்ப் பக்கம், இராணுவம் மூடி வைத்திருந்த, வயாவிளான் சந்தியிலிருந்து பலாலிப் பக்கம் போகும் றோட்டைச் சனத்துக்குத் திறந்துவிட்டார்கள், நேற்று. 1990க்குப் பிறகு. காலை ஆறிலிருந்து மாலை ஐந்து வரை வாகனத்தில் போகலாம். நடக்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது.

படம் எடுக்கக் கூடாது.

ஏப்ரல் 13

சின்ன மாமி போனில் அழுதா. பஸ்ஸில் போனவவாம், எங்கட ஒழுங்கை எது என்றே பிடிபடவில்லையாம், இறங்கவும் விடமாட்டார்கள். பூவரசு இல்லை, மதவடி இல்லை, ஒரே பற்றை. அப்பாவுக்குச் சொல்லுவதா விடுவதா என்று இரண்டு நாளாய் யோசிக்கிறேன். சொன்னால் என்ன கேட்பார் என்று தெரியும், குடில் நிக்குதோ என்பார். புகையிலை உணர்த்துகிற குடில். வீட்டைப் பற்றிக்கூட அவ்வளவு கேட்டதில்லை. கிணற்றடியில் இரண்டு சில்லு உழவு மெஷின், லான்ட்மாஸ்டர், நின்றது, இறைக்கிற மெஷின் நின்றது, 1990 ஆனியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தோம், எனக்கு ஒன்பது வயது. கலியாண அல்பம் ஒன்று வந்தது. அதில் எல்லோரும் மாப்பிள்ளை பொம்பிளையைத்தான் எடுத்திருக்கிறார்கள். குடிலை யார் எடுப்பான்? லான்ட்மாஸ்டரை யார் எடுப்பான்? ஒரு படத்தின் மூலையில் தூணின் கால்வாசி தெரிகிறது, அதைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்து இப்போது புள்ளிகள்தான் தெரிகின்றன. காணி எடுத்தவனிடம் பத்திரம் காட்டலாம், வரைபடம் காட்டலாம். தூணைச் செதுக்கின கையை எதில் காட்டுவது? இங்கே 1972இல் எழும்பிப் போனவர்களிடமாவது படங்கள் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இருந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் நான் இடுக்கு வெளிச்சத்தை விட்டுவிட்டு மூட்டை எடுக்கிறேன், சில்லை எடுக்கிறேன், கதவின் கொண்டியை எடுக்கிறேன், கிழக்கு மேற்காய்ப் போகிற கொன்செசன் றோட்டுகளில் எது, எந்தப் பக்கம் என்று படத்தின் பின்னால் எழுதி வைக்கிறேன்.

சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

மே 4

தகரம் கிளம்பின பார்னில் தகைவிலான் குருவிகள். தென்னமெரிக்காவிலிருந்து வந்து அதே உத்தரத்தில் சேறு பூசுகின்றன. நல்ல மனநிலை. அப்பா முட்டைப் பொரியல் கேட்டார்.

மே 8

கட்டில் கிடைத்துவிட்டது. ஓஷவாப் பக்கம், நாங்கள் கேட்ட இடமில்லை. 24 மணித்தியாலத்துக்குள் ஓம் அல்லது இல்லை சொல்ல வேண்டும். தம்பிக்கு லண்டனில் இப்போது நடுச்சாமம், எழுப்பப் போகிறேன். அறையில் சுவரில் ஆணி அடிக்கலாமா என்று கேட்டேன், ஒட்டுகிற கொழுக்கி என்றால் சரியாம். சில்லுப் படத்தைப் பெரிதாய்ப் போடக் கொடுக்க வேண்டும், இருபதுக்கு முப்பது, நாளைக்குக் கடை பத்து மணிக்கு