கேட்டர்லைன் நாட்குறிப்பு: ஜோன் எர்ட்லியின் கடலும் வயலும்

ஜனவரி 11, 2025, சனி. அபர்டீன்

இந்தக் குளிர்காலத்தில் ஸ்காட்லாந்தில் வாழ்ந்த பெண் ஓவியர் ஜோன் எர்ட்லியின் நிலக்காட்சி ஓவியங்களை ஊன்றிப் படிப்பதென்று முடிவு செய்து, இன்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளிலிருந்து தொடங்கினேன். 1921 மே 18 அன்று இங்கிலாந்தின் சசெக்ஸில் ஒரு பால்பண்ணையில் பிறந்தவர், தாய் ஸ்காட்லாந்துக்காரர். போர் தொடங்கியபின் குடும்பம் கிளாஸ்கோவை அடுத்த பேர்ஸ்டனுக்குக் குடிபெயர, 1940இல் கிளாஸ்கோ கலைப்பள்ளியில் சேர்ந்தார். போர்க்காலத்தில் தச்சரிடம் வேலை பழகினார் என்ற செய்தியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பின்னாளில் ஓவியம் தீட்டும் பெரிய பலகைகளைத் தூக்கிக்கொண்டு காற்றில் நின்றவர், கருவிகளோடும் மரத்தோடும் பழகிய கையுடையவர்.

1950இல் அபர்டீனில் அவருடைய ஓவியக் காட்சி நடந்த சமயம் பொன்னுக்குவீங்கி கண்டு ஓய்விலிருந்தவரை, தோழி ஒருவர் காரில் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள கேட்டர்லைன் என்ற மீனவச் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். அன்று பார்த்த ஊரை அவர் சாகும்வரை விடவில்லை.

ஜனவரி 14, செவ்வாய். கேட்டர்லைன்

ஸ்டோன்ஹேவனுக்குத் தெற்கே, கூழாங்கற்கள் பதிந்த செம்பாறைக் குன்றின்மேல் வரிசையாக நிற்கும் தாழ்ந்த வீடுகள், கீழே சிறு துறைமுகம், ஒற்றை அலைதடுப்புச் சுவர், கிழக்கே வடகடல்: ஊர் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காட்சிகள் ஸ்காட்லாந்தில் ஏராளம். ஹொரேஷியோ மெக்கல்லக் 1864இல் தீட்டிய கிளென்கோ பள்ளத்தாக்கைப் போன்ற மலைமகத்துவத்தைத்தான் ஸ்காட்லாந்தின் நிலக்காட்சி என்று மக்கள் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். எர்ட்லி அந்த மலைகளைத் தேடிப் போகவில்லை. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஒரு குடிலில் தங்கி, வீட்டுக்குப் பின்னாலிருந்த வயலையும் முன்னாலிருந்த கடலையும் மீண்டும் மீண்டும் தீட்டினார். குன்றிலிருந்து கரைக்கு இறங்கும் பாதையில் நடந்தபோது, அந்தப் பலகைகளைக் காற்றுக்கெதிரே சுமந்து செல்வது எத்தனை கடினமான உடலுழைப்பு என்பது எனக்கு உறைத்தது.

ஜனவரி 15, புதன்

இரவெல்லாம் கிழக்குக் காற்று. காலையில் கரையில் நிற்க முடியவில்லை. எர்ட்லி வரைவதற்குத் தேர்ந்தெடுத்தது இத்தகைய நாள்களைத்தான். கிளாஸ்கோவில் இருக்கும்போது புயல் வருவதாகத் தெரிந்தால் உடனே புறப்பட்டு வந்துவிடுவார்; ஓவியத்தாங்கியைக் கயிற்றாலும் கல்லாலும் கட்டி நிறுத்தி, கரையிலேயே வேலை செய்வார். ஓவியத்துணியைக் காற்று கிழித்தெறிந்துவிடும் என்பதால், அழுத்திச் செய்த மரநார்ப் பலகை அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

1961இல் தீட்டிய 'அலை' ஓவியத்தின் பெரிய மறுபதிப்பை மாலையில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். எடின்பரோவில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குச் சொந்தமான அப்படத்தின் மூலப்பொருள்களாக எண்ணெய் வண்ணத்தோடு மணல்துகளையும் குறிப்பிடுகிறார்கள். கடலைத் தீட்டிய வண்ணத்துக்குள்ளேயே மணலும் கிடக்கிறது. கரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு சுவராக எழும் நீரை, அதன் எடை நம்மீது சாயும்படி தீட்டியிருக்கிறார். 1880, 90களில் மக்ரிஹானிஷ் கடற்கரையில் வில்லியம் மெக்டாகர்ட் தீட்டிய கடலில் ஒளியும் காற்றும் ஓடும். எர்ட்லியின் கடலில் எடைதான் முதலில் தெரிகிறது. என் மனம் எர்ட்லியின் பக்கமே சாய்கிறது.

ஜனவரி 18, சனி

கடலைப் பேசுவோர் அவருடைய வயல்களை மறந்துவிடுவது எனக்கு வருத்தம். 'விதைமுற்றிய புற்களும் டெய்சிகளும், செப்டம்பர்' என்ற 1960ஆம் ஆண்டுப் படத்தில் உண்மையான புல்தாள்களும் விதைக்கதிர்களும் வண்ணத்தோடு ஒட்டிக்கிடக்கின்றன. தொலைவில் நின்று பார்த்த வயல் அல்ல இது. தானியத்தின் நடுவே, கதிர் கண்ணுயரத்துக்கு வரும்படி அமர்ந்தவர் கண்ட வயல். ஒரே இடத்தில் பலகைகளை வைத்துக்கொண்டு, வானிலையும் பயிரும் மாற மாற ஒன்றை விட்டு இன்னொன்றில் தொடர்வது அவர் வழக்கம். இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் ஓவியருக்கு ஓர் ஊரின் ஒருநாள் முகம்தான் கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் தங்கிய எர்ட்லிக்கு, விதைத்த வயலும் அறுத்த வயலும் பனி மூடிய வயலும் அதே வேலியோரத்தில் கிடைத்தன.

ஜனவரி 22, புதன்

கிளாஸ்கோவின் டவுன்ஹெட் பகுதியில், இடிபாட்டை எதிர்நோக்கி நின்ற குடியிருப்புகளின் குழந்தைகளை எர்ட்லி தீட்டியதைத் தனி அத்தியாயமாக ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பிரிவினை சரியாகப் படவில்லை. சுவரெழுத்தும் கரியும் படிந்த டவுன்ஹெட் தெருவை எப்படி விடாமல் பார்த்தாரோ, அப்படியேதான் கேட்டர்லைனில் மீன்வலை காயவைக்கும் கம்பங்களையும் பார்த்தார்.

1963இல் ராயல் ஸ்காட்டிஷ் அகாடமியின் முழு உறுப்பினரானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று, 42 வயதில், மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய சாம்பல் கேட்டர்லைன் கரையில் தூவப்பட்டது.

ஜனவரி 23, வியாழன்

இறுதி ஆண்டுகளில் எர்ட்லி, கண்ணில் படும் பொருள்களை விட்டு வண்ணத்தையும் வடிவத்தையும் மட்டுமே தீட்டும் அரூப ஓவியத்துக்குப் போய்விட்டார் என்ற கருத்தை நேற்று ஒரு கட்டுரையில் படித்ததிலிருந்து மனம் அதை ஏற்க மறுக்கிறது. சால்மன் வலைகளைக் காயவைக்கும் கம்பங்களைத் தீட்டிய 1960களின் படங்களை எடுத்துக்கொண்டால், வண்ணம் எவ்வளவு வெறிகொண்டு ஓடினாலும் கம்பம் கம்பமாகவே நிற்கிறது, வலை அதன் பாரத்தோடு தொங்குகிறது. 1963இல் தீட்டிய 'குளிர்காலத்தில் கேட்டர்லைன்' படத்தில் சரிவின்மேல் சாய்ந்த அந்த வீட்டுவரிசையை, ஊருக்குப் போனவர் எவரும் ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொள்வார். வண்ணத்தின் வேகத்தை மட்டும் பார்த்து அவரை அரூபக்காரர்களோடு சேர்ப்பது, அவர் இத்தனை ஆண்டுகள் எதை உற்றுப் பார்த்தார் என்பதையே விட்டுவிடுவதாகும். அடுத்த வாரம் எடின்பரோ நூலகத்தில் அவருடைய கரிக்கோல் வரைவுகளின் பதிப்புகளைப் பார்த்து, இதை இன்னும் விரிவாக எழுதுவேன்.