தங்கையின் கல்லூரிக் கட்டணமும் என் அலைச்சலும்

அப்பாவும் அம்மாவும் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறார்கள். நான் டிப்ளமோவோடு நிறுத்திவிட்டு கோவையில் லேத் பட்டறைக்குப் போகிறேன். 2024இல் தங்கை பிளஸ் டூ முடித்தாள். மார்க் வந்த அன்றே பக்கத்துத் தறி அண்ணன், “கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைதானே, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட்டு கிடைத்தால் ஒரு பைசா செலவில்லை” என்றார். நானும் நம்பிவிட்டேன்.

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. அந்த ஒதுக்கீட்டுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தங்கை எட்டு வரை மெட்ரிக் பள்ளி. கொரோனாவில் தறி நின்று ஃபீஸ் கட்ட வழியில்லாமல்தான் ஒன்பதாவதுக்கு அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்திருந்தால் அப்போதும் செல்லுமாம். நாங்கள் கடன் வாங்கிக் காசு கட்டியவர்கள், அதனால் செல்லாது! மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அதே ஆறாம் வகுப்புக் கணக்கில் போயிற்று.

மிஞ்சியது முதல் பட்டதாரி சலுகை. வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. தனியார் கல்லூரியாக இருந்தாலும் கலந்தாய்வில் எடுத்த சீட்டுக்கு வருஷம் 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் கழியும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. அதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தோம். ஒரு வாரத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம் நான்! என் டிப்ளமோவைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். பட்டறைக்கு இரண்டு நாள் லீவு போட்டு, என் சான்றிதழ்களோடு தாலுகா அலுவலகத்தில் நின்று, டிப்ளமோ பட்டமாகாது என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. எனக்கும் பி.இ. சேர ஆசை இருந்தது. சேர்ந்து முடித்திருந்தால் இவளுக்கு இந்தச் சலுகை இல்லை. அன்றைக்கு அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சீட்டு கிடைத்தது. கல்விக் கட்டணம் 55,000. சலுகை போக 30,000. விடுதியும் மெஸ்ஸும் 70,000. ஆக வருஷத்துக்கு 1 லட்சம். சலுகை என்பது கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான், சோற்றுக்கு இல்லை.

இதற்கிடையில் மத்திய அரசின் உதவித்தொகை ஒன்று கண்ணில் பட்டது. பிளஸ் டூ தேர்வில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் வருஷம் 12,000. தேசிய உதவித்தொகைத் தளத்தில் பாதி நிரப்பிய பிறகுதான் விதிமுறையைப் படித்தேன். மாநில அரசின் கட்டணச் சலுகை வாங்குபவருக்கு இது கிடையாது. 25,000 பெரிதா, 12,000 பெரிதா? மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் கல்விக்கடன். கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் அப்போது ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகள் வரை அனுப்ப முடிந்தது. நான் வீட்டுக்குப் பக்கத்துக் கிளை ஒன்றுக்கு மட்டும் அனுப்பினேன், 3,80,000 கேட்டு. கவுண்டரில் இருந்தவர், “பத்திரம் ஏதாவது இருக்கா தம்பி?” என்றார். நாங்கள் இருப்பது வாடகை வீடு. 4 லட்சம் வரை அடமானம் வேண்டாம், வெளி ஜாமீன் வேண்டாம், நம் கையிலிருந்து பங்குத்தொகையும் போட வேண்டாம், பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் கல்விக்கடன் மாதிரித் திட்டத்தில் இருக்கிறது. 3,80,000 கேட்டதே அதனால்தான். அதை அச்செடுத்து வைத்திருந்தேன். நீட்டியதும் மேனேஜர் அறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே மரியாதையாகவே பேசினார்கள், ஆனால் கடன் கைக்கு வர ஐந்து வாரம் ஆயிற்று.

கல்லூரி அதுவரை பொறுக்குமா? முதல் தவணைக்கு நான் போட்டிருந்த ஏலச்சீட்டைக் கழிவு விட்டு முன்கூட்டியே எடுத்தேன். 50,000 சீட்டுக்கு 41,000தான் கைக்கு வந்தது. பாக்கிக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று. எந்த உதவியும் கட்டணத் தேதி பார்த்து வருவதில்லை. கடனுக்கு ஜூன் மாதமே கல்லூரிப் பெயர் இல்லாமல் போய் நிற்க முடியாது, சீட்டு கிடைத்த பிறகு நாளும் இல்லை. முதல் ஒன்றரை மாதத்துக்குக் கைக்காசு தேவை என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஏலச்சீட்டில் 9,000 போயிருக்காது.

வட்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ (இரண்டும் தரம் பார்க்கும் அமைப்புகள்) இருந்தால், படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் சேரும் வட்டியை மத்திய அரசு கொடுக்கும். நம் கைக்கு வராது, வங்கிதான் கேட்டு வாங்கிக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். கடன் வாங்கும்போதே தாசில்தார் தந்த வருமானச் சான்றிதழைக் கொடுத்துவிட்டேன். இருந்தாலும் வருஷம் ஒரு முறை நேரில் போய், “மானியம் கேட்டாச்சுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் வருவேன். போன முறை கேட்டிருக்கவில்லை. என்னை உட்காரவைத்துவிட்டுத்தான் பதிந்தார்கள்.

தோட்டை மீட்டாயிற்று. போன மாதம் பக்கத்துத் தறி அண்ணன் தன் மகனின் படிப்பு பற்றிக் கேட்க வந்தார். பையன் எத்தனை மார்க் என்று நான் கேட்கவில்லை. “ஆறாவது எங்கண்ணா படிச்சான்?” என்றேன்.