பற்று

"எந்தக் கணக்கில் எழுதட்டும், அண்ணா?" என்றுதான் கேட்டேன். "உனக்குத் தெரியாததா தம்பி, ஏதாவது ஒன்றில் எழுது" என்றார் முதலாளி. திருப்பூரில் நான் கணக்கு எழுதிய அந்தப் பனியன் பிரிண்டிங் பட்டறையை விட்டு வந்து மூன்று வருடமாகிறது. அன்று எழுதிய அந்த வவுச்சர் மட்டும் என்னை விடவில்லை.

செக்கிங்கில் இருந்த அக்கா, மகனின் செல்போனில் பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நான்கு மாதமாக எதுவும் ஏறவில்லை. "சம்பளத்தில் பிடிக்கிறீர்களே தம்பி?" பிடித்தவன் நான்தான். 12,000 ரூபாய்க்கு 12 சதவீதம், மாதம் 1,440. முதலாளியின் பங்கையும் சேர்த்து அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். "சர்வர் கோளாறு அக்கா, ஏறிவிடும்" என்றேன்.

உள்ளே இருந்த அண்ணாவின் காதில் விழுந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மகளின் கல்லூரிக் கட்டணம் பற்றி விசாரித்தார். சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து, எச்சில் தொட்டு இருபது எண்ணிக் கொடுத்தார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அதில் 5,760 ரூபாய், நான்கு மாதம் பிடித்தது, அக்காவின் சொந்தப் பணம். அண்ணாவுக்கும் கண் கலங்கியது. நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

அந்தப் பி.எஃப். பணத்தை அண்ணா தின்றுவிடவில்லை. பனியன் கம்பெனிகளிடம் பில் பணம் கேட்கக் கூசுவார். "அவருக்கும் ஆர்டர் கொடுத்த பையரிடமிருந்து வரவில்லையாம், பாவம்" என்பார். கலர் சற்றே மாறியதென்று டெபிட் போட்டு பில்லில் குறைத்தால் வாதாடாமல் ஒப்புக்கொள்வார். பையன்கள் சும்மா உட்காரக் கூடாதென்று, கட்டுப்படியாகாத ரேட்டுக்கு அடுத்த ஆர்டரை வாங்கி வருவார். இங்க் கடைக்காரர் நேரில் வந்து சத்தம் போடுவார். சனிக்கிழமைச் சம்பளம் காத்திருக்காது. பி.எஃப். சத்தம் போடாது; அதனால் தள்ளிப்போனது.

முதல் மாதம் தள்ளும்போது "என்ன ஆகும்?" என்று என்னிடம்தான் கேட்டார். "12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம், அவ்வளவுதான்" என்றேன். தொழிலாளியிடம் பிடித்ததைக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடி வழக்கு வரை போகும் என்பது எனக்குத் தெரியும். பயந்த மனிதர், எதற்குச் சொல்வது என்று இரங்கியதாகவே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்று கட்டியிருந்தால் என் சம்பளமும் தள்ளிப்போயிருக்கும்.

வவுச்சரில் அக்கா பெயரில் பற்று எழுதினேன். தொழிலாளிக்குப் போகும் கைப்பணம் அட்வான்ஸ்தான். எந்த ஆடிட்டரும் தப்பென்று சொல்ல மாட்டார். அண்ணாவின் சொந்தச் செலவாகவும் எழுதியிருக்கலாம். கை பழக்கத்தில் போய்விட்டது, பழக்கம்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மறுமாதத்திலிருந்து 1,440-க்குக் கீழே இன்னொரு 1,000 பிடித்தம். சம்பளப் பட்டியலை அண்ணா படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதறிப்போய் அந்தப் பற்றையே அடித்துவிட்டிருப்பார். ஒவ்வொரு மாதமும் சொல்ல நினைத்தேன்.

நோட்டீஸ் வந்தபின் வீட்டு நகையை அடகு வைத்து பி.எஃப். பாக்கியை வட்டியோடு கட்டினார். அக்காவின் பற்று மட்டும் அப்படியே ஓடியது.

பத்தாவது மாதம் கணக்கு நேரானது. "முதலாளியிடம் சொல்லிவிடுங்கள் தம்பி, கடன் அடைந்துவிட்டது" என்றார் அக்கா. போய்ச் சொன்னேன்.

"எந்தக் கடன்?" என்றார் அண்ணா.