மகன் கைக்குப் போன் போனது: ஃபேமிலி லிங்க் போட்ட கதை

மகன் இப்போது ஆறாம் வகுப்பு. டியூஷனுக்குத் தனியாகப் போய் வருகிறான், கையில் ஒன்று இருக்கட்டும் என்று என் பழைய ஆண்ட்ராய்டு போனை அவனுக்குக் கொடுப்பதாக முடிவானது. கொடுப்பதற்கு முன் கட்டுப்பாடுகளைப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவன் போனுக்கு ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. வீட்டிலிருந்த மற்ற திரைகள்தான் ஆளை வாட்டின.

முதலில் போனிலிருந்த படங்களை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் போல ஆக்குவது. என் கணக்கு அதிலேயே கிடந்தால் அதை வைத்தே எல்லாவற்றையும் திறந்துவிடுவான். பிறகு என் போனில், பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுள் ஃபேமிலி லிங்க் ஆப்பை இறக்கி, அதற்குள்ளிருந்தே அவன் பெயரில் குழந்தைக் கணக்கு தொடங்கினேன். பிறந்த தேதியை உண்மையாகக் கொடுங்கள். மொபைல் கடையில் தொடங்கித் தரச் சொன்னால் வாயில் வந்த வருடத்தைத் தட்டிவிடுவார்கள், அப்புறம் கூகுளைப் பொறுத்தவரை உங்கள் பிள்ளை கல்யாண வயதைத் தாண்டிய ஆள். 13 வயதுக்குக் கீழ் என்று பதிவானால்தான் பல பாதுகாப்புகள் தானாக விழும்.

அதன் பிறகு போவது சுலபம். ப்ளே ஸ்டோரில் 3+, 7+, 12+, 16+, 18+ என்று வயது வரம்பு இருக்கிறது, 7+ வைத்தேன். எந்த ஆப்பை இறக்கினாலும் என் போனுக்கு அனுமதி கேட்டு வரும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒருமுறை அனுமதித்த ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்கினால் திரும்பக் கேட்காது. அதனால் வேண்டாம் என்று முடிவு செய்ததை ஃபேமிலி லிங்க்கிலேயே பிளாக் செய்துவிடுங்கள். பள்ளி நாட்களில் ஒரு மணி நேரம், இரவு 9 மணிக்குப் பூட்டு. பூட்டிய பிறகும் நாம் கூப்பிட்டால் எடுக்கலாம் என்பதால் டியூஷன் கவலை இல்லை.

குரோமில் ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. ஆனால் அது குரோமுக்கு மட்டும்தான். போனோடு வந்த இன்னொரு பிரவுசர் ஓரமாக உட்கார்ந்திருந்தது, அதைத் தனியாகப் பிளாக் செய்தேன்.

யூடியூப்தான் வீட்டில் பெரிய சண்டை. குழந்தைக் கணக்குக்கு அதில் மூன்று நிலைகள்: 9 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், கிட்டத்தட்ட எல்லாமும். முதல் நிலையை வைத்தேன். கமெண்டுகள் தெரியாது. அவன் பார்த்துக்கொண்டிருந்த கேமிங் லைவ் எல்லாம் காணாமல் போயின. “அம்மா, யூடியூப்பே போச்சு” என்று ஒரே புலம்பல். இந்த வடிகட்டி இயந்திரம் செய்கிற வேலை. ஆங்கிலத்தில் திட்டினால் பிடிக்கிறது, நம்மூர்த் தமிழில் திட்டினால் அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்றே எனக்குத் தோன்றியது. அப்படி வந்த சில சேனல்களை நானே பிளாக் செய்தேன். ஆட்டோப்ளேயை அணைத்ததில்தான் உண்மையான வித்தியாசம் தெரிந்தது. ஒரு வீடியோ முடிந்தால் எழுந்து போகிறான்.

இனி வீடு. ஹாலில் இருக்கும் டிவியில் யூடியூப் என் கணவரின் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இரவில் பார்க்கும் கொலை வழக்குக் கதைகள் எல்லாம் மறுநாள் காலை பிள்ளைகள் முன் பரிந்துரையாக வந்து நிற்கும். அவர் கணக்கை டிவியிலிருந்து எடுத்துவிட்டு, பெரியவர்களுக்கான வீடியோக்களை மறைக்கும் ரெஸ்ட்ரிக்டட் மோடைப் போட்டேன். ஓடிடி ஆப்களில் பிள்ளைகளுக்குத் தனி ப்ரொஃபைல், பெரியவர்கள் ப்ரொஃபைலுக்கு ரகசிய நம்பர் பூட்டு. 2021 ஐடி விதிகளின்படி இந்தியாவில் ஓடிடி படங்களுக்கு யூ, யூ/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வகை போட வேண்டும், 13+ முதல் மேலே உள்ளவற்றைப் பூட்டும் வசதியும் தர வேண்டும். வசதி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு ஆப்பிலும் ஒவ்வொரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது மாமாவின் போன். பேத்திக்கு ஐந்து வயது, சாப்பிட வைப்பதற்குத் தாத்தா போன்தான் ஆயுதம். பாட்டு வீடியோ போட்டுக் கொடுப்பார், ஐந்து நிமிடத்தில் அவள் ஃபேஸ்புக் ரீல்ஸில் இருப்பாள். “மாமா, ஒரு லாக் போட்டுடலாமா?” என்றேன். “கண்ணாடியைத் தேடி எடுத்து நம்பர் போடறதுக்குள்ள போன் கட்டாயிடும்மா” என்றார். நியாயம்தான். கைரேகை வைத்துக் கொடுத்தேன். கூடவே, திரையை ஒரே ஆப்பில் நிறுத்தி வைக்கும் ஆப் பின்னிங் வசதியையும் இயக்கிவிட்டேன். ஓர் ஆப்பை அப்படிப் பின் செய்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுத்தால், லாக்கைத் திறக்காமல் வேறு எதற்கும் போக முடியாது. பாட்டு ஆப்பைப் பின் செய்து கொடுப்பதை மாமா இப்போது தானே செய்கிறார். இத்தனை வேலையிலும் எனக்கு அதிகம் பிடித்த வசதி இதுதான்.

கடைசியாக வைஃபை. கிளவுட்ஃப்ளேர் 2020இல் குடும்பங்களுக்கென்று ஒரு இலவச டிஎன்எஸ் தொடங்கியது. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் சேவை. ரவுட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்று போட்டால் ஆபாசத் தளங்களும் வைரஸ் தளங்களும் வீட்டில் எந்தக் கருவியிலும் திறக்காது. எங்கள் இணைப்புக்காரர்கள் அந்தப் பகுதியைப் பூட்டி வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால், பிளானை மேம்படுத்தச் சொல்கிறார்களே தவிர கேள்விக்குப் பதில் இல்லை. ஒயர் இழுத்துக் கொடுத்த தம்பி வந்து இரண்டு நிமிடத்தில் திறந்துவிட்டார். அதன் பிறகும் சில தளங்கள் திறந்தன. ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரிக்கான டிஎன்எஸ் முகவரியையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. மொபைல் டேட்டாவில் போனால் ரவுட்டர் எதையும் தடுக்காது. அதற்கு மகன் போனில் பிரைவேட் டிஎன்எஸ் பகுதியில் கிளவுட்ஃப்ளேரின் குடும்ப முகவரியைப் போட்டேன்.

இதையெல்லாம் அவனுக்குத் தெரியாமல் செய்யவில்லை. என்ன போட்டிருக்கிறேன், என் போனில் எனக்கு என்னவெல்லாம் தெரியும் என்று காட்டினேன். யாராவது படம் கேட்டாலோ மிரட்டினாலோ திட்டமாட்டேன், என்னிடம் வந்து சொல் என்றும் சொன்னேன். 1098, 1930 இரண்டையும் அவன் போனில் சேமித்தோம். முதலாவது குழந்தைகள் உதவி எண், அடுத்தது சைபர் குற்றப் புகாருக்கு.

விளையாட்டுகளுக்குள் நடக்கும் சாட் மட்டும் ஃபேமிலி லிங்க்கின் கைக்கு எட்டாது, அந்தந்த விளையாட்டில் தனியாகப் பார்க்க வேண்டும். ராப்லாக்ஸ் என்ற ஆன்லைன் விளையாட்டைக் கேட்டு நச்சரிக்கிறான். அதில் பெற்றோர் கணக்கை இணைக்கும் வசதி இருக்கிறது என்பதால், முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் சாட்டை அணைத்துவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். சித்தி பையனோடு மட்டுமாவது பேசலாமா என்று கேட்கிறான். அவனோடு வேண்டுமானால் என் போனில் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே விளையாடட்டும்.