கிராம்புக்கு எத்தனை மடங்கு தண்ணீர்?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே எங்கள் வீட்டு வாசலில் மிளகாயும் மல்லியும் பாயில் காயத் தொடங்கிவிடும். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்திலிருந்தே அம்மா மசாலாத் தூள் அரைத்து விற்கிறார். இப்போது சுங்கை சிப்புட்டில் தாமான் வீடு. பாய் மட்டும் அதே பாய்.

நான் ஈப்போவில் ஓர் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். "உன் மிஷின்ல என் தூளை வச்சுப் பாரேன், உடனே தெரிஞ்சிடும்ல?" என்றார் அம்மா.

உடனே எங்கே தெரிகிறது! 25 கிராம் தூளில், வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி ஒரே ஒன்று இருந்தாலும் பிடிக்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் கருவிக்குள் போவதோ சில மைக்ரோலிட்டர்தான். அந்தத் துளியில் அது வந்து மாட்டுமா? அதனால் முதலில் தூளை 225 மில்லி பெப்டோன் நீரில், அதாவது கிருமி வளரும் சத்து நீரில் கலந்து, 37 டிகிரியில் ராத்திரி முழுக்க வைக்கிறோம். தோசை மாவு புளிக்க வைக்கிற கதைதான்.

"அப்ப கெட்டதை நீயே சோறு போட்டு வளர்க்கிறியா?"

ஆமாம். வளர்ந்த பிறகுதான் கருவி. சூடாக்கி, ஆறவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் கிருமியின் மரபணுத் துண்டை இரட்டிப்பாக்கும். 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். ஆனால் செத்த கிருமியின் மரபணுவையும் அது எண்ணிவிடும். அதனால் 'இருக்கிறது' என்று வந்தால் எக்ஸ்எல்டி என்ற ஊட்டக்கூழ் ஊற்றிய தட்டில் வளர்த்து உறுதி செய்வோம். சிவப்புத் தட்டில் கறுப்புப் பொட்டுகள். எனக்குக் குன்றிமணி ஞாபகம்தான் வரும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் கிராம்புத் தூள் ஒன்று வந்தது. வழக்கம்போல் பத்து மடங்கு கரைத்து, 'இல்லை' என்று எழுதிவிட்டேன். சீனியர் அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "எத்தனை மடங்கு?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. கிராம்பின் காரம் அந்த நீரிலேயே கிருமியை வளரவிடாமல் அமுக்கிவிடும். அது தூளில் உயிரோடு இருந்தாலும் நமக்குத் தெரியாது. குழம்பிலோ தயிரிலோ அந்தக் காரம் நீர்த்துப்போனால் எழுந்துகொள்ளலாம். அதனால் பட்டைக்கு 100 மடங்கு, கிராம்புக்கு 1000 மடங்கு கரைக்க வேண்டும். வெங்காயம், பூண்டுத் தூளுக்குப் பொட்டாசியம் சல்ஃபைட் சேர்த்து அதன் வீரியத்தை அடக்க வேண்டும். திரும்பச் செய்தபோதும் 'இல்லை' என்றுதான் வந்தது. ஆனால் முதலில் நான் எழுதிய 'இல்லை'க்கு எந்த மதிப்பும் கிடையாது.

"25 கிராமுக்கு 25 லிட்டரா? கோயில் அண்டாதான் வேணும்" என்று அம்மா சிரித்தார்.

அப்புறம் பேச்சுவாக்கில் பறவை எச்சத்திலும் பல்லி எச்சத்திலும் சால்மோனெல்லா இருக்கும் என்று சொன்னேன். காய்ந்த தூளில் மாதக்கணக்கில் தாங்கும் என்றும் சொன்னேன். அம்மா பதில் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். பாய்க்கு மேல் பழைய கொசுவலை கட்டியிருந்தது. "மைனா தொல்லை" என்றார்.