குறிலுக்கு 2, நெடிலுக்கு 1
சி நிரல் மொழியில் நம்ம பக்கத்து பஸ் நிறுத்தங்களை டெர்மினலில் பட்டியலாக அச்சிட்டுப் பார்க்கிறேன். பிரிண்ட்எஃப் (printf) என்ற அச்சிடும் கட்டளையில் பெயருக்கு 20 இடம் ஒதுக்கினால் பாளைக்குப் பின்னால் 8 வெற்றிடம் விழுகிறது, நாங்குநேரிக்கு ஒன்றுமே இல்லை. அது எண்ணுவது எழுத்தை அல்ல, அதைச் சேமிக்கும் பைட்டைத்தானே! யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் நாங்குநேரி 30 பைட்.

சரி, திரையில் பிடிக்கும் அகலம் வேண்டுமென்றால், ஒரு குறி எத்தனை கட்டம் பிடிக்கும் என்று சொல்லும் டபிள்யூசிவிட்த் (wcwidth) தான் கதி. சீன எழுத்துக்கு 2, நம்ம புள்ளிக்கு 0 என்று ஒழுங்காகச் சொல்லும். ஆனால் ‘கி’யைக் கூட்டினால் 2 கட்டம், ‘கீ’க்கு 1! எழுத்துக் குறிகளை வகைப்படுத்தும் யூனிகோடு தரம் ஈகாரக் குறியைப் புள்ளியோடு சேர்த்து இடம் பிடிக்காத வகையில் வைத்திருக்கிறது. இகரக் குறி இடம் பிடிக்கும் வகை. மாத்திரைக் கணக்கு படித்தவனுக்கு இதை எப்படிச் சொல்ல?

சீவலப்பேரி வரி இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது. சி தெரிந்த அண்ணாச்சிமார், உயிர்மெய்யை ஒன்றாக எண்ணும் சின்ன நிரல் நூலகம் (லைப்ரரி) எதுவும் இருந்தால் சொல்லுங்க.